வைத்தியத்திலும் நாம் கடைமடையா?

  

கடைமடை என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஜூன் 12ல் மேட்டூரில் மதகைத் தூக்கினால் மறுநாள் பேப்பரில் படம் வரும். கல்லணையில் பூத் தூவுவார்கள். ஆனால் நம்ம வாய்க்காலில் தண்ணி தலைகாட்ட எத்தனை நாள் ஆகும் என்பது நமக்குத்தான் தெரியும். மேலே உள்ளவன் பாய்ச்சி, நடுவில் உள்ளவன் பாய்ச்சி, மிச்சம் மீதி வந்தால்தான் நமக்கு நாற்றங்கால். வராவிட்டால், "தண்ணிதான் திறந்தாச்சே, இன்னும் என்ன கேட்கறீங்க?" என்பார்கள்.

ஆஸ்பத்திரி விஷயத்திலும் இப்போது இதே கதைதான். "டெல்டாவுக்கு மெடிக்கல் காலேஜ் கொடுத்தாச்சே" என்கிறார்கள். கொடுத்தது உண்மை. தஞ்சாவூரில் இருக்கு. திருவாரூரில் இருக்கு. நாகைக்கு ஓரத்தூரில் இருக்கு. ஆனால் மயிலாடுதுறை, சீர்காழி, குத்தாலம், தரங்கம்பாடி என்று நாலு தாலுகா சேர்ந்த நம்ம மாவட்டத்தில் இல்லை. தீராத நோயெல்லாம் தீரும் என்று ஊர் ஊராக வந்து கும்பிடுகிற வைத்தீஸ்வரன்கோயில் நம்ம மாவட்டத்தில்தான் இருக்கு. ஆனால் நமக்கு நோய் முற்றினால் வேற மாவட்டத்துக்குத்தான் ஓட வேண்டியிருக்கு.

நம்ம சங்கம் சொல்வது ஒன்றே ஒன்றுதான். ஆஸ்பத்திரி எங்கே வரணும் என்பதை, நிலம் எங்கே சுலபமாகக் கிடைக்குது, யார் கை ஓங்கியிருக்கு என்று பார்த்து முடிவு செய்யக் கூடாது. நோயாளி எந்த ஊரிலிருந்து வருகிறான், வந்து சேர எத்தனை நேரம் ஆகுது என்று பார்த்து முடிவு செய்யணும். அந்தக் கணக்கை நேர்மையாகப் போட்டால் மயிலாடுதுறைக்கு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வந்தே ஆகணும்.

நடந்தது என்ன?

பழைய நாகப்பட்டினம் மாவட்டம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்க. வடக்கே கொள்ளிடம் ஆறு, தெற்கே கோடியக்கரை. நடுவில் புதுச்சேரி மாநிலத்துக் காரைக்கால் குறுக்கே கிடக்கும். மயிலாடுதுறைக்காரன் கலெக்டரிடம் மனுக் கொடுக்க நாகைக்குப் போகணும் என்றால் பெரும்பாலும் இன்னொரு மாநிலத்து எல்லையைத் தாண்டித்தான் போகணும். சும்மாவா தனி மாவட்டம் கேட்டு வருசக்கணக்காகப் போராடினோம்?

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி அந்தப் பழைய மாவட்டத்தில் சுமார் 16 லட்சம் பேர். அதில் இன்றைய மயிலாடுதுறை மாவட்டப் பகுதியில் மட்டும் 9 லட்சத்துக்கு மேல். மிச்சமுள்ள நாகைப் பகுதியில் சுமார் 7 லட்சம். இந்த இரண்டு எண்ணையும் மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்க.

2019, 2020 வருசங்களில் தமிழ்நாட்டுக்கு 11 புது அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒப்புதலாச்சு. ஒரு கல்லூரிக்கு 325 கோடி ரூபாய் என்று மதிப்புப் போட்டு, அதில் 60 சதவீதம் மத்திய அரசு, 40 சதவீதம் மாநில அரசு என்று பங்கு பிரித்தார்கள். அந்தப் பட்டியலில் நாகப்பட்டினம் மாவட்டமும் இருந்தது. மயிலாடுதுறை மக்கள் அப்போதே கேட்டாங்க: "நாகைக்குப் பக்கத்தில், 25 கிலோமீட்டரில், திருவாரூரில் 2010லேயே மெடிக்கல் காலேஜ் வந்தாச்சு. மாவட்டத்தின் வடபாதி வெறுமையாகக் கிடக்கு. ஜனத்தொகையும் இங்கேதான் அதிகம். இங்கே வையுங்க" என்றாங்க. கட்சி வித்தியாசம் பார்க்காமல் போராட்டம் நடந்தது. யாரும் காதில் வாங்கவில்லை. 2020 மார்ச்சில் ஓரத்தூரில் அடிக்கல் நாட்டினார்கள்.

இனிமேல்தான் வேடிக்கை. அதே 2020 மார்ச் மாதத்தில் மயிலாடுதுறையைத் தனி மாவட்டமாக அறிவித்தார்கள். அந்த வருசம் டிசம்பர் 28ல் மாவட்டம் உதயமாச்சு. அதாவது, மாவட்டத்தைப் பிரிக்கப் போகிறோம் என்று தெரிந்த காலத்திலேயே 16 லட்சம் பேர் பேரைச் சொல்லி ஆஸ்பத்திரி வாங்கி, 7 லட்சம் பேர் பக்கம் வைத்துவிட்டு, 9 லட்சம் பேரைக் கைகழுவி விட்டுட்டாங்க. பாகப்பிரிவினைக்கு முதல் நாள் வீட்டுப் பத்தாயத்தை ஒரு பக்கம் நகர்த்தி வைத்த மாதிரி ஆச்சு.

2022 ஜனவரி 12ல் அந்த 11 கல்லூரிகளையும் திறந்து வைத்தார்கள். மொத்தம் 1,450 எம்.பி.பி.எஸ். இடங்கள். நல்ல காரியம்தான், குறை சொல்ல மாட்டோம். ஆனால் அந்தப் பந்தியில் நமக்கு இலை போடவில்லை. 2025ஆம் வருசக் கணக்கைப் பார்த்தாலும், தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரி இல்லாதவை 6தான். மயிலாடுதுறை அதில் ஒன்று.

நாலு தாலுகா, நாலு திசை

இன்றைக்கு நம்ம ஜனம் எங்கே போகுது என்று பாருங்க. கொள்ளிடம், சீர்காழிப் பக்கத்துக்காரர்கள் சிதம்பரத்துக்கு ஓடுகிறார்கள். அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கையில் இருந்த மருத்துவக் கல்லூரியை 2021ல் அரசே எடுத்துக்கொண்டது. அது கடலூர் மாவட்டத்துக் கணக்கு. குத்தாலத்துக்காரர்கள் கும்பகோணம், அங்கே முடியாவிட்டால் தஞ்சாவூர். தரங்கம்பாடி, பொறையாறு பக்கம் காரைக்கால். மயிலாடுதுறை சுற்றுவட்டாரம் திருவாரூர். நாலு தாலுகா, நாலு திசை.

இதில் ஓரத்தூருக்குப் போகிறவன் யார்? நம்ம பேரையும் சேர்த்துக் கேட்டு வாங்கின ஆஸ்பத்திரிக்கு நம்ம ஆட்கள் போவதே அபூர்வம். காரணம் வீம்பு இல்லை, தூரம். மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர் சுமார் 40 கிலோமீட்டர். தஞ்சாவூர் 70க்கு மேல். நாகை சுமார் 60. படித்தவன் படிக்காதவன் யாரைக் கேட்டாலும், இருக்கிறதில் கிட்ட உள்ளதைத்தான் பார்ப்பான்.

தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டத் தோழர்களே, இது மயிலாடுதுறைக்காரன் பிரச்சினை என்று நீங்களும் ஒதுங்க முடியாது. நம்ம கூட்டமும் உங்க ஆஸ்பத்திரியில்தான் வந்து விழுது. உங்க வீட்டு நோயாளியோடு நம்ம வீட்டு நோயாளியும் கட்டிலுக்கு வரிசையில் நிற்கிறான். மேல்மடையில் ஒரே மதகை வைத்துக்கொண்டு பத்து வாய்க்காலுக்குத் தண்ணி விட்டால் யாருக்கும் நிறையாது.

கிலோமீட்டர் கணக்கு வேற, ராத்திரிக் கணக்கு வேற

"40 கிலோமீட்டர் ஒரு தூரமா? 108 வண்டிதான் இருக்கே?" என்று கேட்பார்கள். 2008லிருந்து 108 ஓடுது, எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கு. அதை மறுக்கவில்லை. ஆனால் மெட்ராசில் உட்கார்ந்து வரைபடத்தில் அளக்கிற கிலோமீட்டர் வேற, நம்ம வரப்பில் ராத்திரி ஒரு மணிக்கு அளக்கிற கிலோமீட்டர் வேற.

நம்ம தொழிலில் வருகிற ஆபத்தையே எடுத்துக்கொள்வோம். பாம்புக்கடி. குறுவைக்கும் சம்பாவுக்கும் ராத்திரியில் மடை மாற்றப் போகிறவன் நம்ம ஆள். நாற்றுப் பறிக்கவும் களை எடுக்கவும் வெறுங்காலோடு சேற்றில் இறங்குகிறவள் நம்ம வீட்டுப் பெண். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் வருசத்துக்குச் சராசரி 58,000 பேர் செத்திருப்பார்கள் என்று 2020ல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இறந்தவர்களில் பெரும்பகுதி கிராமத்து ஜனம். உலக சுகாதார நிறுவனம் 2017ல் இதைக் கவனிக்கப்படாத நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாடு அரசும் 2024 நவம்பரில், பாம்புக்கடி பற்றி ஆஸ்பத்திரிகள் கட்டாயம் அரசுக்குத் தகவல் கொடுக்கணும் என்று ஆணை போட்டது. நல்ல ஆணை. ஆனால் தகவல் கொடுத்தால் மட்டும் உயிர் பிழைக்குமா?

நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நாலுக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு ஊசிதான். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஊசி இருப்பதாக அரசு சொல்லுது. சரி, ஊசி போட்டாச்சு. அதற்கப்புறம்? கட்டுவிரியன் கடித்தால் பல சமயம் வலி தெரியாது, பல் பட்ட தடமும் தெரியாது. தூக்கத்தில் கடிபட்டவன் விடியற்காலை வயிற்றுவலி என்பான். கண் இமை தொங்கும், பேச்சு குழறும், அப்புறம் மூச்சு நிற்கும். அந்த நேரத்தில் வேண்டியது வென்டிலேட்டரும், அதை இயக்கத் தெரிந்த டாக்டரும், பக்கத்திலேயே கண் விழித்து நிற்கிற நர்சும். கண்ணாடிவிரியன் கடித்தால் ரத்தம் உறையாமல் போகும், சிறுநீரகம் கெடும். அதற்கு ரத்த வங்கி வேணும், டயாலிசிஸ் வேணும். இதெல்லாம் ராத்திரியும் பகலும் ஒரே இடத்தில் கிடைப்பது பெரும்பாலும் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில்தான்.

இப்போது கணக்குப் போடுங்க. மணல்மேட்டுக்குப் பக்கத்தில் உள்ளடங்கிய ஒரு குக்கிராமம். வயலிலிருந்து ஆளைத் தூக்கி ரோட்டுக்குக் கொண்டு வரணும். வண்டி வரணும். ஆரம்ப சுகாதார நிலையம், அங்கிருந்து மயிலாடுதுறை, அங்கே சீட்டு எழுதி "மேல்சிகிச்சைக்கு" என்று திருவாரூருக்கோ தஞ்சாவூருக்கோ. ஒவ்வொரு படியிலும் இறக்கி, பார்த்து, எழுதி, மறுபடி ஏற்றணும். கிலோமீட்டர் 60தான் இருக்கும். மணிக்கணக்கு எங்கே போய் நிற்கும்? நெஞ்சுவலிக்கும் இதே கணக்கு. பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போனால் இதே கணக்கு. விடியக்காலை பனியில் டிராக்டரில் மோதி விழுந்தவனுக்கும் இதே கணக்கு.

மழைக்காலம் என்றால் இந்தக் கணக்கும் செல்லாது. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது ஞாபகம் இருக்கா? ஊரே தண்ணிக்குள் கிடந்தது. அதே வருசம் ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்து நாதல்படுகை, முதலைமேடுதிட்டு கிராமங்களைத் தண்ணி சூழ்ந்துகொண்டது. அந்த நாளில் திருவாரூர் 40 கிலோமீட்டர் என்பதற்கு என்ன அர்த்தம்?

(ஒன்றை மறக்காதீங்க. பாம்பு கடித்தால் கயிற்றை இறுக்கிக் கட்டாதீங்க, கீறாதீங்க, வாயால் உறிஞ்சாதீங்க. மோதிரம், மெட்டி, வளையலைக் கழற்றி, கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. மந்திரிக்கிற இடத்தில் போகிற நேரம் உயிரில் போகிற நேரம்.)

ஓரத்தூர் சொல்லும் பாடம்

ஓரத்தூர் வந்ததால் நாகைக்காரனுக்காவது முழுச் சந்தோசமா? அதுவும் இல்லை. நாகை நகரத்திலிருந்து அது பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கு. 2024ல் நகரத்துத் தலைமை ஆஸ்பத்திரியில் இருந்த பிரிவுகளை அங்கே மாற்றத் தொடங்கியபோது, நகரத்து ஜனமும் வியாபாரிகளும் எதிர்த்துக் கிளம்பினாங்க. கடற்கரைக் குப்பத்திலிருந்து நடந்து போய்க் காட்டிய ஆஸ்பத்திரிக்கு இனிமேல் பஸ் பார்த்து, ஏறி, இறங்கி, ராத்திரி ஆனால் ஆட்டோ பிடித்துப் போகணுமா என்பதுதான் அவங்க கேள்வி. நியாயமான கேள்வி.

இந்தக் கல்லூரிகளுக்குப் பணம் வந்த மத்தியத் திட்டத்தின் பேரே என்ன தெரியுமா? ஏற்கனவே இருக்கிற மாவட்ட ஆஸ்பத்திரியோடு இணைத்துப் புது மருத்துவக் கல்லூரி தொடங்கும் திட்டம். இணைத்து என்றால் இருப்பதை வளர்ப்பது. இருப்பதைக் காலி செய்து வெகுதூரத்தில் குடியேற்றுவதற்குப் பேர் இணைப்பு இல்லை. நாளைக்கு மயிலாடுதுறைக்கு மெடிக்கல் காலேஜ் வந்தாலும் இதே ஆபத்து நமக்கும் இருக்கு. "நகரத்தில் இடமில்லை" என்று சொல்லிப் பெரியார் அரசு ஆஸ்பத்திரியைப் பூட்டிவிட்டு எங்கேயோ கொண்டு போய்க் கட்டினால், ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிய கதைதான்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நாகைக்காரன் நமக்கு எதிரி இல்லை. சுனாமியிலும் கஜாவிலும் அடிபட்ட ஜனம் அது. வேதாரண்யத்துக்காரனுக்குத் திருவாரூரும் தூரம்தான். ஓரத்தூரைப் பிடுங்கி எங்களுக்குக் கொடு என்று நாம் கேட்கவில்லை. தண்ணிக்கு மேல்மடைக்காரனும் கடைமடைக்காரனும் அடித்துக்கொண்டால் குளிர்காய்கிறவன் வேற ஆள். ஆஸ்பத்திரிக்கும் அப்படியே.

இது முதல் தடவையும் இல்லை

டெல்டாவைக் கேட்காமல் டெல்டாவின் ஆஸ்பத்திரியை முடிவு செய்வது பழைய வழக்கம். 2015 மத்திய பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்கு எய்ம்ஸ் என்று அறிவித்தார்கள். மாநில அரசு 5 இடங்களைக் காட்டியது: செங்கல்பட்டு, புதுக்கோட்டை, பெருந்துறை, மதுரை தோப்பூர், நம்ம தஞ்சாவூர் மாவட்டத்துச் செங்கிப்பட்டி. காசநோய் ஆஸ்பத்திரி இருக்கிற ஊர், திருச்சி – தஞ்சாவூர் ரோட்டில் வசதியான இடம் என்று தஞ்சை ஜனம் ஆசையோடு இருந்தது. மத்தியக் குழு வந்து பார்த்துவிட்டுப் போச்சு. மூன்று வருசம் இதோ அதோ என்று இழுத்து, 2018 ஜூனில் தோப்பூர் என்று அறிவித்தார்கள்.

மதுரைக்குக் கிடைத்ததில் நமக்கு வயிற்றெரிச்சல் இல்லை. தென்மாவட்டத்து ஜனத்துக்கும் வைத்தியம் வேணும். அவங்களும் பட்ட பாட்டைப் பாருங்க. 2019 ஜனவரி 27ல் அடிக்கல். முதலில் போட்ட மதிப்பு 1,264 கோடி. அது சுமார் 1,978 கோடியாக ஏறியது. பெரும்பகுதி ஜப்பான் நிறுவனத்துக் கடன். முதல் வகுப்புப் பிள்ளைகள் 2022ல் சேர்ந்தது ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரிக் கட்டடத்தில். தோப்பூரில் கட்டட வேலை தொடங்கியது 2024 மார்ச்சில். நடுவில் 2021 தேர்தலில் ஒத்தைச் செங்கல்லைக் காட்டி ஓட்டுக் கேட்கிற அளவுக்கு விஷயம் போச்சு.

இதில் நமக்குப் பாடம் ரெண்டு. எந்த அடிப்படையில் இடத்தைத் தேர்ந்தெடுத்தோம் என்பதை ஜனத்துக்கு முன்னால் வைக்காதவரை, கிடைத்த ஊருக்கும் நிம்மதி இல்லை, கிடைக்காத ஊருக்கும் நிம்மதி இல்லை. அடிக்கல்லை நம்பி வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடக் கூடாது என்பது ரெண்டாவது.

அவங்க பதிலும் நம்ம பதிலும்

"தேசிய மருத்துவ ஆணையம் அனுமதி தராது" என்பார்கள். 2023ல் அந்த ஆணையம் 10 லட்சம் பேருக்கு 100 எம்.பி.பி.எஸ். இடம் என்று ஒரு விதி போட்டது. தமிழ்நாட்டில் மொத்தக் கணக்கில் அதற்கு மேல் இருப்பதால் புதுக் கல்லூரி கூடாது என்று அர்த்தம். தமிழ்நாடு எதிர்த்தது. அந்த வருசமே அதை 2025–26 கல்வியாண்டுக்குத் தள்ளி வைத்தார்கள். நாம் கேட்கிறோம்: மெட்ராசையும் கோயம்புத்தூரையும் சேர்த்துச் சராசரி போட்டு மயிலாடுதுறைக்காரனுக்குக் கணக்குத் தீர்க்கலாமா? மாநிலம் பூராவும் நல்ல மழை என்று சொல்லிக் காய்ந்துபோன தாலுகாவுக்கு வறட்சி நிவாரணம் மறுக்கிற புத்தி இது. 9 லட்சம் பேர் உள்ள மாவட்டத்தில் இருக்கிற அரசு இடம் பூஜ்யம். அதை எடுத்துச் சொல்லி வாங்க வேண்டியது மாநில அரசின் வேலை. கடிதம் எழுதினோம் என்று கையைக் கட்டிக்கொண்டால் போதாது.

"நிலம் இல்லை" என்பார்கள். மாவட்டம் உருவானதும் கலெக்டர் ஆபீசுக்கு நிலம் கிடைத்ததே? தருமபுரம் ஆதீனம் கொடுத்த இடத்தில் கட்டி 2024 மார்ச்சில் திறந்தார்களே? மனசிருந்தால் மார்க்கம் உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை. முப்போகம் விளைகிற நஞ்சையில் கை வைக்கக் கூடாது. வடிகாலை மறித்து மண் கொட்டி மேடாக்கிக் கட்டினால் சுற்றியுள்ள நூறு ஏக்கர் ஐப்பசி மழையில் அழுகும். ஆஸ்பத்திரி வேணும் என்று கேட்கிற நாமே நாளைக்கு வயலைக் காணோம் என்று நிற்கும்படி ஆகக் கூடாது.

"ஜில்லா ஆஸ்பத்திரியில் புதுக் கட்டடம் கட்டிக் கொடுத்தாச்சே" என்பார்கள். கட்டடத்துக்கு நன்றி. ஆனால் கட்டடம் வைத்தியம் பார்க்காது. கட்டின கதவணைக்கு ஆள் போடாவிட்டால் மதகைத் தூக்குவது யார்? ராத்திரி ரெண்டு மணிக்கு மயக்க டாக்டர் இருக்காரா, நெஞ்சுவலி டாக்டர் இருக்காரா, வென்டிலேட்டர் ஓடுதா என்பதுதான் கேள்வி. மெடிக்கல் காலேஜ் என்றால் ஒவ்வொரு பிரிவுக்கும் பேராசிரியர், உதவிப் பேராசிரியர், பயிற்சி டாக்டர்கள் என்று ஒரு படையே இருந்தாகணும். விதியே அப்படி. அதனால்தான் அதைக் கேட்கிறோம்.

"காப்பீட்டு அட்டை இருக்கே, தனியாரிடம் போகலாமே" என்பார்கள். அட்டை இருந்தாலும் அது செல்லுபடியாகிற ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கணுமே? போக்குவரத்து, துணைக்கு இருப்பவர் சாப்பாடு, இழந்த கூலி எல்லாம் அட்டையில் வராது. அறுப்பு நேரத்தில் வீட்டில் ஒருத்தர் படுத்து, இன்னொருத்தர் துணைக்குப் போனால் அந்தப் போகமே போச்சு. கூட்டுறவு சங்கத்தில் வைத்த நகை ஏலத்துக்கு வருவது நமக்குத் தெரியாத கதையா?

பிள்ளைகள் விஷயத்தையும் சொல்லணும். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020லிருந்து இருக்கு. நம்ம கூலிக்காரர் வீட்டுப் பெண் டாக்டர் கோட்டு மாட்டிக்கொண்டு நம்ம ஊர் வார்டிலேயே நடந்து வரட்டுமே!

நம்ம கோரிக்கைகள்

1. மயிலாடுதுறை மாவட்டத்தில் முழுக்க முழுக்க அரசு மருத்துவக் கல்லூரியும் ஆஸ்பத்திரியும் அமைக்கணும். மாவட்ட ஆஸ்பத்திரிகளைத் தனியார் கல்லூரிகளோடு கோர்த்துவிடும் திட்டத்தை நிதி ஆயோக் 2020ல் கொண்டு வந்தது. அந்தப் பாதை வேண்டாம்.

2. இடத்தை முடிவு செய்யும் முன், ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலிருந்தும் வருசத்துக்கு எத்தனை பேரை, என்ன நோய்க்கு, எந்த ஊருக்கு மேல்சிகிச்சைக்கு அனுப்பினார்கள், வழியில் எத்தனை நேரம் ஆச்சு என்ற கணக்கை வெளியிடணும். அந்தக் கணக்கை வைத்துத்தான் இடம் பார்க்கணும்.

3. புது ஆஸ்பத்திரி எங்கே வந்தாலும் நகரத்தில் இருக்கிற அரசு ஆஸ்பத்திரியில் 24 மணி நேர அவசர சிகிச்சையும் பிரசவமும் தொடரணும். நாகைக்கும் இதே நியாயம் வேணும்.

4. நஞ்சையையும் வடிகாலையும் தொடக் கூடாது. வெள்ளம் ஏறாத, பஸ் போகிற இடமாக இருக்கணும். கடைக்கோடி கிராமத்திலிருந்து ராத்திரி பஸ் விடணும்.

5. கல்லூரி வரும்வரை காத்திருக்க உயிருக்குத் தெரியாது. சீர்காழி ஆஸ்பத்திரியிலும் மயிலாடுதுறை ஆஸ்பத்திரியிலும் பாம்புக்கடிக்கு வென்டிலேட்டரும் ராத்திரி டாக்டரும் உடனே உறுதி செய்யணும்.

நாம் செய்ய வேண்டியது

கோரிக்கையை நோட்டீசில் போட்டுவிட்டு உட்கார்ந்தால் ஒன்றும் நடக்காது. ரெண்டு வேலை இருக்கு.

ஒன்று, கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுது. ஊராட்சித் தலைவர் இருந்தாலும் சரி, தனி அலுவலர் இருந்தாலும் சரி, அது நம்ம சபை. மேலே சொன்ன கோரிக்கைகளைத் தீர்மானமாக எழுதிக் கொடுங்க. தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை எழுந்திருக்காதீங்க. நகல் ஒன்றைச் சங்கத்துக்குக் கொடுங்க. பெண்கள் கட்டாயம் வரணும். நோயாளியோடு ஆஸ்பத்திரி வாசலில் ராத்திரி உட்கார்ந்தவர்கள் அவங்கதான்.

ரெண்டு, தகவல் உரிமைச் சட்டம், 2005. வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும். நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்க: "போன வருசம் இந்த ஆஸ்பத்திரியிலிருந்து மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர்? எந்த நோய்க்கு? எந்த ஆஸ்பத்திரிக்கு? டாக்டர் பணியிடம் எத்தனை, காலி எத்தனை?" 30 நாளைக்குள் பதில் சொல்லியாகணும். எழுதத் தெரியாதவர்களுக்குச் சங்கத் தோழர்கள் எழுதிக் கொடுப்பார்கள். அந்தப் பதில்களை ஒன்றாகச் சேர்த்தால் அதைவிடப் பெரிய மனு வேற எதுவும் இல்லை. நம்ம கண்ணீரை யாரும் நம்பாவிட்டாலும் அவங்க எழுதின எண்ணை அவங்களே மறுக்க முடியாது.

தோழர்களே! தண்ணிக்காகக் கோர்ட்டிலும் ரோட்டிலும் எத்தனை வருசம் நின்றோம்! காவிரி மேலாண்மை ஆணையம் 2018ல் வந்தது யாரும் தானம் கொடுத்து இல்லை. தனி மாவட்டம் வந்ததும் கேட்டுக் கேட்டுத்தான். ஆஸ்பத்திரியும் கேட்டால்தான் வரும். ஊருக்கெல்லாம் சோறு போடுகிற மண்ணில், அந்தச் சோற்றை விளைவிக்கிறவன் வழியில் வண்டிக்குள் சாகக் கூடாது.

கிராம சபைக்கு வாருங்கள்! கணக்கைக் கேளுங்கள்!
கடைமடைக்கும் தண்ணீர்! கடைமடைக்கும் வைத்தியம்!

இப்படிக்கு,
உங்கள் விவசாயிகள் சங்கம்